காதுக்குள் கூவும் சத்தத்தோடு வாழப் பழகுவது: மலையகத்தவருக்கு ஒரு வழிகாட்டி

ஒருவருக்கு விசில், ஒருவருக்குச் சில்வண்டு, இன்னொருவருக்குத் தேயிலைப் பெக்டரி ரோலரின் உறுமல். வெளியே அப்படி ஒரு சத்தமும் இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்காது. இதைத்தான் காதிரைச்சல் என்கிறோம். வளர்ந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இது உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளாமல் வாழ்கிறார்கள். சிலருக்கு மட்டும் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், "இது எங்கே கொண்டுபோய் விடுமோ" என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. இது அவர்களுக்காக, அதிலும் சத்தம் தொடங்கிச் சில வாரங்களோ மாதங்களோ ஆனவர்களுக்காக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாட்பட்ட இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. அதனால் வரும் துன்பத்தைக் குறைக்க, சோதித்துப் பார்த்த வழிகள் இருக்கின்றன. சத்தத்தோடு சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு, அதை எந்நேரமும் காவல் காக்கும் பழக்கத்தை மாற்ற வேலை செய்தால் பலன் கிடைக்கும். கீழே வருவதெல்லாம் அந்த வேலைதான்.

காத்திருக்கக் கூடாதவை

ஒரு காது திடீரென்று, மூன்று நாளுக்குள், கேட்காமல் போனால் அது அவசரம். "சளி அடைத்திருக்கும், தானாகத் திறக்கும்" என்று விட்டுவிடுவதுதான் வழமையாக நடக்கும் பிழை. உட்செவி பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீரொய்ட் மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைத்த காதில் முனகல் பலமாகக் கேட்டால் அழுக்கோ சளியோ காரணமாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் பலமாகக் கேட்டால் உட்செவியைச் சந்தேகிக்க வேண்டும். எப்படிக் கேட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முனகல் சோதனை, போய்ச் சொல்வதற்கு ஒரு தகவல் மட்டும்.

நாடித் துடிப்போடு சேர்ந்து "டுப் டுப்" என்று அடிக்கும் சத்தம், ஒரே காதில் மட்டும் விடாமல் இருக்கும் சத்தம், இரைச்சலோடு தலைசுற்று, காதில் சீழ் அல்லது இரத்தம், தலையில் அடிபட்ட பிறகு தொடங்கிய சத்தம்: இவற்றையும் வைத்தியர் பார்த்தாக வேண்டும். துடிப்போடு அடிக்கும் சத்தத்துக்கு இரத்தச்சோகையும் ஒரு காரணம். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களுக்கு இது புதிய விஷயமல்ல. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டாலோ, கைகால் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ 1990க்கு அழைத்து அம்பியுலன்ஸ் எடுங்கள்.

காதுக்குள் கேட்பது இரைச்சலாக இல்லாமல் யாரோ வார்த்தையாகப் பேசுவதாகக் கேட்டால் அது வேறு விஷயம். அதற்கும் சிகிச்சை உண்டு. மனநல வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

டிஸ்பென்சரியில் தொடங்குங்கள்

தோட்டத்து டிஸ்பென்சரியிலோ கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரியின் ஓ.பி.டி.யிலோ மூன்று காரியம் நடந்தால் போதும்: காதுக்குள் லைட் அடித்துப் பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, நீங்கள் குடிக்கும் மருந்துகளைப் பார்ப்பது. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு ஈ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்குக்குப் போகலாம். கண்டி, நுவரெலியா, பதுளை பெரிய ஆஸ்பத்திரிகள்தான் இதற்கு வழமையான இடங்கள். காசு கொடுத்துச் சேனல் பண்ண (தனியாரில் பதிந்து வைத்தியரைப் பார்க்க) முடிந்தால் நேரம் மிச்சம். முடியாவிட்டாலும் இலவசக் கிளினிக்கில் வேலை நடக்கும்.

போகும்போது கிளினிக் கொப்பி, குடிக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், ஒரு துண்டுக் கடதாசி மூன்றும் கையில் இருக்கட்டும். கடதாசியில் எழுத வேண்டியவை: எப்போது தொடங்கியது, எந்தக் காது, விடாமல் கேட்கிறதா விட்டு விட்டா, துடிப்போடு சேர்ந்ததா (மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும்), காது மந்தமா, எத்தனை வருடம் சத்தமான இடத்தில் வேலை. வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், சிங்களத்தில் "மகே வம் கனே நிதரம சத்தயக் எஹெனவா" என்றால் இடது காதில் எந்நேரமும் சத்தம் கேட்கிறது என்று பொருள். வலது காதுக்கு "தகுணு கனே". காது மந்தம் என்பதற்கு "எஹென்னே அடுயி". கூட்டத்தில் இந்த இரண்டு வரி போதும், விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

மருந்துகளில் கவனிக்க வேண்டியவை: அதிக அளவு அஸ்பிரின், அடிக்கடி வாங்கிப் போடும் வலி மாத்திரைகள், ஜென்டமைசின் ஊசி, சிறுநீர் போக வைக்கும் ஃபுரோசெமைட். இதயத்துக்காகத் தினமும் எடுக்கும் 75 முதல் 100 மில்லிகிராம் அஸ்பிரின் வழமையாக இரைச்சலை உண்டாக்குவதில்லை. பிரஷர் மாத்திரையையோ இதய மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். சந்தேகமிருந்தால் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

காது அழுக்கு ஒரு காரணம் என்றால் அது நல்ல செய்தி. எடுத்ததும் பலருக்குச் சத்தம் குறையும். செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு, ஒலிவ் எண்ணெய் 2 அல்லது 3 துளி, காலையும் மாலையும், 3 முதல் 5 நாள் விட்டு ஊற வைத்து, பிறகு எடுக்கச் சொல்லுங்கள். ஹேர்பின், தீக்குச்சி, கொட்டன் பட் எதுவும் உள்ளே போகக் கூடாது. அழுக்கை அவை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூட்டோடு ஊற்றுவது நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. காதுத் துவாரத் தோல் மிக மெல்லியது, வெந்து போகும். விட்டுவிடுங்கள்.

கேட்டல் பரிசோதனையும் அது சொல்வதும்

சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அரை மணித்தியாலத்துக்குள் முடியும். சத்தமான வேலை செய்பவர்கள், முடிந்தால் 16 மணித்தியாலம் சத்தத்திலிருந்து விலகியிருந்துவிட்டுப் போங்கள். நைட் ஷிப்ட் முடித்து நேரே போனால் காது இருப்பதைவிட மந்தமாகக் காட்டும்.

வரைபடத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வட்டம் வலது காது, பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே போகப் போகக் கேட்டல் குறைவு. சத்தத்தால் கெட்ட காதில் 4000 ஹேர்ட்ஸ் சுருதிப் பக்கம் ஒரு பள்ளம் விழுந்து மறுபடி மேலே ஏறும்.

உட்செவியிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் சேதமானால் அந்தச் சுருதிக்கான தகவல் மூளைக்குக் குறைவாகப் போகிறது. ஸ்டேஷன் சரியாக எடுக்காத ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்து கூடுமல்லவா, மூளையும் அப்படித்தான் தன் பக்கத்தில் கூட்டிப் பார்க்கிறது. அந்தக் கரகரப்புத்தான் உங்களுக்குக் கேட்பது. அது மூளைக் கட்டியின் அடையாளமாக இருப்பது மிக அரிது. "இரைச்சல் வந்தால் செவிடாகிவிடும்" என்பதும் பொய். இரைச்சல் காதைக் கெடுப்பதில்லை.

வரைபடம் சரியாக இருந்தும் இரைச்சல் இருக்கலாம். பரிசோதனை வழமையாக 8000 ஹேர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள சேதம் அதில் தெரியாது. "எல்லாம் நல்லா இருக்கு, போங்க" என்று சொன்னால் நீங்கள் பொய் சொல்வதாக அர்த்தமில்லை.

வரைபடத்தில் குறைவு இருந்தால் கேட்கும் கருவி பற்றிக் கேளுங்கள். வெளிச் சத்தம் கூடக் கூட உள்சத்தம் பின்னுக்குப் போகும். "கிழடாயிட்டேன்னு நினைப்பாங்க" என்று இதைத் தள்ளிப்போடுபவர்களே அதிகம். எங்கள் கருத்தில், கேட்டல் குறைந்த ஒருவருக்கு வேறெந்த முயற்சிக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான்.

ராத்திரி: காதுக்கு முழு அமைதி கொடுக்காதீர்கள்

கொழும்பில் இருப்பவருக்கு வாகனச் சத்தமும் ஃபேனும் உண்டு. நமக்கு ஃபேன் தேவையில்லை. தை, மாசிப் பனியில் ராத்திரி ஒன்பது மணிக்கே லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) அடங்கிவிடும். இரைச்சல் மிகப் பெரிதாகத் தெரிவது அப்போதுதான். தகரத்தில் மழை கொட்டும் வரை ஒன்றும் தெரியாது. மழை விட்டதும் "கூடிப்போச்சு" என்று தோன்றும். கூடவில்லை. மூடியிருந்த சத்தம் விலகியது, அவ்வளவுதான்.

குளிருக்குக் கம்பளிக் குல்லாவைக் காது வரை இழுத்து, அதற்கு மேல் துவாயையும் சுற்றிக்கொண்டால் வெளிச் சத்தம் இன்னும் குறையும், உள்சத்தம் இன்னும் எழும்பும். தலையை மூடுங்கள், காதைத் திறந்து விடுங்கள். காதில் பஞ்சு வைத்துப் படுப்பதும் இதே காரணத்தால் தவறு.

செய்ய வேண்டியது இது. போனை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்குப் போங்கள், ஆள் இல்லாத நேரம் பார்த்து. தண்ணீர் விழும் இடத்திலிருந்து ஆறேழு அடி தள்ளி, கல்லின் மேல் போனை வைத்து 20 நிமிடம் பதிவு செய்யுங்கள். கிட்ட வைத்தால் சத்தம் உடைந்து பதியும். காற்று அடித்தால் மைக் துவாரத்தின் மேல் மெல்லிய கைக்குட்டை ஒன்றைப் போடுங்கள். நாய் குரைத்தாலோ வாளி விழுந்தாலோ மறுபடி பதியுங்கள், ஏனென்றால் திடீர்ச் சத்தம் தூங்குகிற கவனத்தை எழுப்பும். பீலி இல்லாவிட்டால் ஓடை, அதுவும் இல்லாவிட்டால் எஃப்.எம். ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்தால் வரும் "உஸ்ஸ்". பாட்டும் பேச்சும் வேண்டாம். அவை கேட்கச் சொல்லி இழுக்கும்.

போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டு, பதிவு திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து, தலைமாட்டிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு காலிக் கோப்பைக்குள் நிறுத்துங்கள். கோப்பை சத்தத்தை உங்கள் பக்கம் திருப்பும், அதே காம்பராவில் (அறையில்) படுத்திருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தொந்தரவு இருக்காது. தலையணைக்குக் கீழே வைக்காதீர்கள், சூடாகும். ராத்திரி முழுக்க இயர்போனும் வேண்டாம்.

அளவுதான் முக்கியம். சின்னச் சத்தத்திலிருந்து மெதுவாகக் கூட்டுங்கள். பீலியும் கேட்க வேண்டும், இரைச்சலும் கொஞ்சம் கேட்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். இரைச்சலை முழுதாக அமுக்கும் வரை கூட்டினால் அப்போதைக்குச் சுகம், ஆனால் கேட்காத ஒன்றுக்கு மூளை எப்படிப் பழகும்? படுக்கப் போக ஒரு மணித்தியாலம் முன்பே போட்டு, விடியும் வரை ஓட விடுங்கள். நடு ராத்திரியில் தானாக நிற்கும்படி வைத்தால், இரண்டு மணிக்கு விழிப்பு வரும்போது முழு அமைதியில் விழிப்பீர்கள்.

தூக்கத்துக்கான மற்ற விதிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். எழும்பும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் பெரட்டு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும்) நேரத்திலிருந்து அதிகம் விலகக் கூடாது. 20 நிமிடமாகத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழும்பி, மங்கலான வெளிச்சத்தில் அலுப்பான ஏதாவது வேலை செய்துவிட்டு, கண் சொக்கும்போது படுங்கள். மணியைப் பார்க்காதீர்கள். தேத்தண்ணி இரைச்சலை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆகவே தேயிலை மலையில் இருந்துகொண்டு தேத்தண்ணியை விட்டுவிடச் சொல்லப் போவதில்லை. பின்னேரம் மூன்று, நான்கு மணிக்குப் பிறகு சாயம் கூடினது வேண்டாம், தூக்கத்தைக் கெடுக்கும். சாராயம் தூங்க வைக்கும், ஆனால் நடுச்சாமத்தில் எழுப்பிவிடும்.

பயத்தோடு செய்யும் வேலை

1990இல் பவெல் ஜஸ்ட்ரெபோஃப் என்ற ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இன்றும் சிகிச்சைகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. இரைச்சல் புதிதாக வந்ததும் மூளை அதை ஆபத்து என்று பதிந்துகொண்டால், உடம்பு விழிப்பு நிலைக்குப் போகும், நெஞ்சு படபடக்கும். விழிப்போடு இருப்பவருக்குச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும். தெளிவாகக் கேட்கக் கேட்கப் பயம் கூடும். இந்தச் சுற்றை வெட்ட வேண்டிய இடம் பயம்தான், ஏனென்றால் நம் கைக்கு எட்டுவது அதுதான்.

மூச்சு: மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். 5 நிமிடம், காலையும் படுக்கும் முன்னும். பலர் இரண்டு நாள் செய்துவிட்டு "சத்தம் நிக்கலியே" என்று விட்டுவிடுகிறார்கள். இது சத்தத்தை நிறுத்தாது. சத்தம் இருக்கும்போதே உடம்பு தளரலாம் என்று உடம்புக்குக் காட்டுவதுதான் நோக்கம். பயம் பிடிக்காத நேரத்தில் பழகினால்தான் பயம் பிடித்த நேரத்தில் உதவும்.

கவனத்தை நகர்த்துவது: வாசலில் உட்கார்ந்து ஒரு நிமிடம் இரைச்சலையே கேளுங்கள். அடுத்த நிமிடம் தூரத்து பஸ் சத்தம். அடுத்தது காலடியில் மண்ணின் குளிர். மறுபடி இரைச்சல். இப்படிப் பத்து நிமிடம், தினமும். விருப்பப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு விருப்பப்பட்டு வெளியே வரும் இந்தப் பழக்கம், இழுத்துக்கொண்டு போகப்படும் உணர்வை மெல்லக் குறைக்கும்.

நினைப்பை எழுதிப் பார்ப்பது: பின்னேரம் ஐந்து மணி போல 15 நிமிடம் ஒதுக்குங்கள். கொப்பியில் இடது பக்கம் பயத்தை அப்படியே எழுதுங்கள்: "இனி என் வாழ்நாளில் நிம்மதியாகத் தூங்க முடியாது." வலது பக்கம் நடந்ததை எழுதுங்கள்: "திங்கள் ஒரு மணிக்குத் தூக்கம் வந்தது. செவ்வாய் பதினொன்றுக்கே." நல்லதை எழுத வேண்டும் என்றில்லை, உண்மையை எழுத வேண்டும். ராத்திரியில் அதே நினைப்பு வந்தால் "நாளைக்கு ஐந்து மணிக்கு" என்று தள்ளிப்போடலாம். அறிவு நடத்தைச் சிகிச்சை எனப்படும் முறையின் ஒரு சிறு துண்டு இது. காதிரைச்சலின் துன்பத்தைக் குறைப்பதில் மற்ற எதையும்விட அதிக ஆதாரம் உள்ளது அந்தச் சிகிச்சைக்குத்தான். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஆலோசகர் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

வாரத்துக்கு ஒரு தரம், ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம், இரண்டு எண்களைக் குறியுங்கள். சத்தம் 0 முதல் 10க்குள் எவ்வளவு, தொந்தரவு 0 முதல் 10க்குள் எவ்வளவு. இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். முன்னேற்றம் முதலில் தெரிவது இரண்டாவது எண்ணில். சத்தம் 7இல் நிற்க, தொந்தரவு 8இலிருந்து 4க்கு இறங்கும். சத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் "ஒன்றும் மாறவில்லை" என்று பாதியில் கைவிடுவார். தினமும் குறிப்பதும், காலையில் எழும்பியதும் காதைப் பொத்திப் பார்ப்பதும் காவல் காக்கும் வேலையே, அதை விடுங்கள். பழகுவதற்கு வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும். பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் காலையில் "இன்னும் இரையுதா?" என்று கேட்காதீர்கள். "சும்மா யோசிக்காத" என்றும் சொல்லாதீர்கள். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசாமல் முகம் பார்த்துப் பேசினால் அதுவே பெரிய உதவி.

பெக்டரியிலும் திருவிழாவிலும்

ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்துச் சத்தத்தின் அளவு ஏறத்தாழ 85 டெசிபெல்லைத் தாண்டிவிட்டது. 85இல் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88இல் நாலு, 91இல் இரண்டு, 94இல் ஒன்று. ரோலர், சல்லடை, வாட்டும் தொட்டியின் பெரிய ஃபேன், புல் வெட்டும் மெஷின் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு தேவை.

பஞ்சு பாதுகாப்பாகாது. காதுக்கான நுரை அடைப்பான் மலிவு. ஆனால் போடத் தெரியாமல் போட்டால் பாதிப் பலன்கூட இல்லை. கையைக் கழுவி, தூள் இல்லாமல் துடைத்து, அடைப்பானை மெல்லிய குச்சி போலச் சுருட்டுங்கள். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலேயும் பின்னேயும் இழுத்து, உள்ளே விட்டு, 30 வினாடி விரலால் பிடித்திருங்கள். சரியாகப் போயிருந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் கனமாகக் கேட்கும். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மறுபடி போடுங்கள். அழுக்கானதும் வீசிவிடுங்கள்.

பயத்தில் சிலர் வீட்டிலும் சந்தையிலும் பஸ்ஸிலும் அடைப்பானோடே திரிகிறார்கள். அது காதை இன்னும் கூர்மையாக்கி, சாதாரணச் சத்தத்தையே தாங்க முடியாமல் செய்யும். சத்தமான இடத்துக்கு மட்டும் போடுங்கள். தேர்த் திருவிழாவில் கட்டும் ஹோர்ன் ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபெல் குறையும்.

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பவர்களுக்கும், பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் கழுத்துத் தாடைத் தசைகள் இறுகியிருக்கும். பல்லை அழுத்திக் கடித்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ சத்தம் மாறுகிறது என்றால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். தசைப் பயிற்சி உதவக்கூடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் இறங்கும்போது காது அடைப்பது காற்றழுத்தத்தால். எச்சில் விழுங்கினால் திறக்கும். மூக்கைப் பொத்தி பலமாக ஊதாதீர்கள்.

காசை எதில் போடக் கூடாது

அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவக் கழகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டல், ஜின்கோ என்ற மூலிகை, மெலடோனின் என்ற தூக்க ஹோர்மோன், துத்தநாகம் போன்றவற்றை இரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. "பத்தே நாளில் நிற்கும்" என்ற போத்தல் எதுவானாலும் வாங்காதீர்கள். தூக்க மாத்திரையை வைத்தியர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் மேல் எடுத்தால் அதற்கு அடிமையாகி, விடும்போது இரைச்சலும் பதற்றமும் சேர்ந்து எழும்பும்.

திடீரென்று கூடினால்

பழகி வந்த பிறகும் சில நாள் சத்தம் கூடும். தூக்கம் கெட்ட ராத்திரி, தடிமல், கல்யாண வீட்டுப் பட்டாசு, வீட்டில் ஒரு பிரச்சினை என்று காரணம் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். சில நாளில் இறங்கிவிடும். அந்த நாட்களில் வேலைக்குப் போவதையும் பீலிச் சத்தத்தையும் மூச்சுப் பயிற்சியையும் விடாதீர்கள். போனில் இரைச்சல் பற்றித் தேடுவதை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு வாரம் தாண்டியும் இறங்காவிட்டாலோ கேட்டல் குறைந்ததாகத் தோன்றினாலோ கொப்பியோடு மறுபடி கிளினிக்குக்குப் போங்கள்; பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

"இதோடு இருப்பதைவிடச் செத்துப்போகலாம்" என்ற நினைப்பு வந்தால் அதை மறைக்க வேண்டாம், விடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தால் அந்த ராத்திரியே போங்கள்.